தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் எதிர்ப்பும் நிலைபேறும்: நாஞ்சில் நாடு முதல் தேவிகுளம் மலை வரை

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் நடைபெற்றுள்ளன. ஐரோப்பியத் தொண்டர்கள் அச்சு, அகராதி, உரைநடை ஆகிய துறைகளில் தமிழுக்கு ஆற்றிய பணியை அளந்து கூறுவது ஒரு திசை. தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் போன்ற காப்பியங்களைக் கம்பராமாயணத்தோடும் பிற பெருங்காப்பியங்களோடும் ஒப்பிட்டு அணிநலம் காண்பது மற்றொரு திசை. இரண்டும் பயனுடையன. எனினும் இவற்றிற்கு இடையே ஒரு வினா போதிய அளவு எழுப்பப்படாமலே நின்றுவிட்டது. தான் ஏற்ற சமயத்தைத் துன்பத்திலும் எதிர்ப்பிலும் விடாது பற்றி நின்ற மனிதனைத் தமிழ் எழுத்து எவ்வாறு காட்டியுள்ளது? அவன் எதனை இழந்தான்? எதனை இழக்க மறுத்தான்? அவ்வாறு மறுத்தபோது அதன் விலையை யார் கொடுத்தார்?

இவ்வினாவை எழுப்புவதற்குப் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, மூணாறு, தேவிகுளம், பீர்மேடு என நீளும் எல்லைமலைப் பகுதி தக்கதொரு நிலைக்களமாக அமைகிறது. பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ் பேசும் கத்தோலிக்கர் வாழ்கின்றனர். கோயம்புத்தூர், கோழிக்கோடு ஆகிய மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பரில் உருவாக்கப்பட்டது. இடுக்கி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் தமிழிலேயே வழிபடுகின்றனர். இம்மக்களின் முன்னோர் எந்த இலக்கியத்தைக் கேட்டும் பாடியும் வளர்ந்தனரோ, அவ்விலக்கியத்தில் அவர்களது வாழ்வுக்கு இடமிருந்ததா என்பது எளிதில் தள்ளிவிடத்தக்க வினாவன்று.

சமய நிலைபேற்றுக்கு வரும் எதிர்ப்பினை அரசு, சபை, உறவு, பிழைப்பும் சட்டமும் என நான்கு நிலைகளில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு நிலையும் தனக்குரிய இலக்கிய வடிவத்தைத் தேடிக்கொண்டது என்பதும், மறைசாட்சி என்னும் ஒரே அளவுகோலைக் கொண்டு நான்கினையும் அளக்க இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அரசின் எதிர்ப்பு: தேவசகாயம்

அரசதிகாரத்தை எதிர்கொண்ட நிலைபேற்றுக்குத் தென்தமிழகத்தில் முதன்மைச் சான்றாக விளங்குபவர் தேவசகாயம் (1712–1752). நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அதே அரசின் படைத்தலைவரான டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். தம் குடும்பத்திற்கு நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த அவருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது வழிவழிச் செய்தி. 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் சிறையிடப்பட்டு, எருமை மீது ஏற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவர், 2012இல் அருளாளராகவும் 2022 மே 15இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

இவ்வரலாறு நாட்டுப்புற மேடையில் நாடகமாகப் பாடி நடிக்கப்பட்டது. வாய்மொழி மரபிலோ அது நிலக்காட்சியோடு ஒன்றிவிட்டது. தாகத்தால் தவித்தவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாகச் சொல்லப்படும் புலியூர்க்குறிச்சியின் முட்டிடிச்சான் பாறையும், அவர் இறந்த வேளையில் பெயர்ந்து விழுந்து மணியொலி எழுப்பியதாகச் சொல்லப்படும் ஆரல்வாய்மொழிப் பாறையும் இதற்குச் சான்றுகள். வீரனின் சாவைக் கல் சொல்லும் என்பது தமிழரின் நடுகல் மரபில் ஊறிய நம்பிக்கை. போர்க்களத்தில் வீழ்ந்தவனுக்கு எடுத்த கல்லை, ஆயுதம் ஏந்தாமல் வீழ்ந்தவனுக்கு மக்கள் கற்பனை மாற்றிக் கொடுத்துள்ளது. புறப்பொருள் மரபின் மறம் இங்கே தாங்கும் ஆற்றலாக உருமாறுகிறது எனலாம்.

இம்மரபின் எல்லையையும் சுட்ட வேண்டும். மறைசாட்சிக் கதையில் எதிரி யாரென்பது தெளிவு, முடிவும் தெளிவு. நாயகன் உயர்நிலையிலிருந்து விழுகிறான். அவ்வீழ்ச்சியின் உயரமே கதையின் சுவையாகிறது. இழப்பதற்கு அரண்மனைப் பதவி ஏதும் இல்லாத ஒருவன் அதே நம்பிக்கையை அதே உறுதியோடு பற்றி நின்றால் அக்கதையைப் பாட இவ்வடிவம் உதவாது. இந்நிலையில் ஒரு பெயர்ச்செய்தி கருதத்தக்கது. புனிதர் பட்ட அறிவிப்பின்போது அவர் பெயரோடு இணைந்திருந்த ‘பிள்ளை’ என்னும் பட்டம் சாதிப்பெயர் என எதிர்ப்பு எழ, அப்பட்டம் நீக்கப்பட்டே புனிதர் பெயர் வழங்கப்பட்டது. சாதி எல்லையைக் கடந்தமையால் தண்டிக்கப்பட்டவராகப் போற்றப்படும் ஒருவரின் பெயரிலேயே சாதிப்பட்டம் ஏறத்தாழ 270 ஆண்டுகள் ஒட்டியிருந்தது. அதனைப் பற்றி நின்றவர் அவரல்லர், அவரைப் போற்றியவர்களே.

அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தின் பிற்கால வரலாறும் இதனை உறுதிப்படுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு எழுந்த ஆலயம், வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் வழிபட இரு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. 1910ஆம் ஆண்டளவில் அப்பிரிவினைச் சுவர் அகற்றப்பட்டபோது எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி பெறவில்லை. எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு அச்சுவர் ஓர் உரைகல்.

சபைக்குள் எழுந்த எதிர்ப்பு: வேதநாயக சாஸ்திரியார்

சபைக்குள்ளிருந்தே எழுந்த எதிர்ப்பை எதிர்கொண்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரின் மாணவராகத் தஞ்சையில் வளர்ந்தவர். மன்னர் இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்சின் அரவணைப்பில் கற்றவரே. பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களும் பல கீர்த்தனைகளும் அவருடைய படைப்புகள். தெய்வத்தின் மீது குறவஞ்சி பாடுமாறு மன்னர் வேண்டியபோது அவர் பணிவோடு மறுத்தார் என்றொரு மரபுச் செய்தி உண்டு. அச்செய்தி அவரை அரசவையில் உறுதியோடு நின்றவராகக் காட்டுகிறது. ஆயினும் அவர் வாழ்வின் பெரும் சோதனை அரசவையிலிருந்து வரவில்லை. அவருக்குச் சமயத்தைக் கற்பித்த மிசனின் அடுத்த தலைமுறைத் தொண்டர்களிடமிருந்து வந்தது.

1820களில் புதிய தொண்டர்கள் பல மாற்றங்களைப் புகுத்தினர். பழகிய வேதாகம மொழிபெயர்ப்புக்கு மாறாகப் புதிய திருத்தம் வந்தது. திருவிழாக்களில் பூக்கள் விலக்கப்பட்டன. வழிபாட்டில் தமிழிசைக்கு இருந்த இடம் சுருக்கப்பட்டது. திருவிருந்தில் சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒன்றாகப் பங்குகொள்ள வேண்டும் என வற்புறுத்தப்பட்டது. இந்நான்கினையும் கொடுமைகள் எனக் கருதி எழுத்திலும் பாட்டிலும் எதிர்த்த சாஸ்திரியார் 1829இல் மிசன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். சரபோஜி மன்னரே அவருக்கு ஆதரவளித்தார். கிறித்தவக் கவிஞர் ஒருவர் தம் சபையால் கைவிடப்பட்டு இந்து மன்னரால் காக்கப்பட்டார் என்பது தமிழ்ச் சமய வரலாற்றின் நுட்பமான முரண்களுள் ஒன்று. பணி நீக்கத்திற்குப் பின்னும் அவர் சமயத்தை விடவில்லை, பாடுவதையும் நிறுத்தவில்லை.

சாஸ்திரியாரின் நிலைபேற்றைத் திறனாய்வாளர் முழுமையாகப் போற்றவும் இயலாது. முழுமையாக ஒதுக்கவும் இயலாது. நான்கு முறையீடுகளுள் மூன்று தமிழ்ச் சபையின் மொழியையும் இசையையும் அழகுணர்வையும் காத்தன. இன்று தமிழ் பேசும் எந்தத் திருச்சபையிலும் கீர்த்தனை ஒலிக்கிறதென்றால் அதில் அவருடைய பிடிவாதத்திற்கும் பங்குண்டு. நான்காவது முறையீடோ சாதியைக் காத்தது. இவை நான்கும் அவருக்கு வெவ்வேறானவையாகத் தோன்றவில்லை. ஒரே மரபின் நான்கு கூறுகளாகவே தோன்றின. இசைக்காகப் போராடிய அதே உறுதியோடு அவர் தனியிருக்கைக்காகவும் போராடினார். உறுதி தன்னளவில் நற்பண்பு ஆகிவிடுவதில்லை. எதன்மீது உறுதி என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. சாஸ்திரியாரைப் பற்றிய பாராட்டுரைகள் பலவும் மூன்றைச் சொல்லி நான்காவதைச் சொல்லாமல் விடுகின்றன. சீர்திருத்த நோக்கில் எழுதப்பட்டவை நான்காவதை மட்டும் சொல்லி மூன்றை விடுகின்றன. இரண்டையும் ஒருசேரக் காண்பதே நேர்மையான வாசிப்பு.

உறவின் எதிர்ப்பு: எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை

உறவின் எதிர்ப்பைக் காப்பியமாக்கியவர் கிருஷ்ண பிள்ளை (1827–1900). திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரத்தில் மிசன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தபோது கிறித்தவத்தின் மீது அவருக்கு விருப்பமில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1858 ஏப்ரல் 18இல், ஊரும் உறவும் சூழ்ந்த திருநெல்வேலியில் அன்றி, தொலைவிலுள்ள சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரையும் ஏற்றார். மனைவியும் மக்களும் சில காலத்திற்குப் பின்னரே அவர் வழி வந்தனர். இடைப்பட்ட காலத்தின் மனத்துயரம் அவர் பிற்காலக் கவிதைக்கு அடிநாதமாயிற்று.

இரட்சணிய யாத்திரிகம் ‘நற்போதகம்’ இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பகுப்புகளில் அமைந்துள்ளன. மூலமாக அமைந்தது ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு உருவகக் கதை. தமிழ் மக்கள் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் அறிந்தது. பனியன் அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காகப் பெட்போர்டு நகரச் சிறையில் 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர். எனவே மூலநூலே எதிர்ப்பின் நடுவே நின்ற ஒருவரின் படைப்பாகும்.

பனியனின் கதையமைப்பில் ஒரு கூறு சிறப்பாக நோக்கத்தக்கது. மாயச் சந்தையில் வழக்கு விசாரிக்கப்பட்டு உயிரிழப்பவன் கதைத்தலைவன் அல்லன்; அவனது வழித்துணைவன். கதைத்தலைவன் தப்பி மேலும் நடக்கிறான். இறப்பவன் விரைவில் நகரத்தை அடைகிறான். இருப்பவனுக்கோ ஐயத்தின் கோட்டையும் சோர்வின் நிலமும் ஆற்றின் ஆழமும் இன்னும் மீதமிருக்கின்றன. மறைசாட்சியைக் காட்டிலும் மீந்து நடப்பவனையே காப்பியத் தலைவனாக்கியது இவ்வடிவம். தேவசகாயம் மரபிலிருந்து இது பெரிதும் வேறுபடுகிறது. உயிரை ஒருமுறை கொடுப்பதும் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் சிறிது சிறிதாக இழப்பதும் ஒன்றல்ல. வேளாளக் குடும்பத்தில் பிறந்து, சாவு வீட்டிற்கும் மணவீட்டிற்கும் அழைப்பின்றி வாழ நேர்ந்த ஒருவர் தம் அனுபவத்திற்குரிய வடிவத்தை இங்கே கண்டதில் வியப்பில்லை.

பனியனின் கதையில் தலைவன் மனைவி மக்களின் கூக்குரலுக்குச் செவிகளை அடைத்துக்கொண்டு ஓடுகிறான். ஆங்கிலத் தூய்மைவாதிகளுக்கு அது ஆன்மிக வீரமாகத் தோன்றியிருக்கலாம். தமிழ்க் காப்பிய மரபிலோ இல்லறத்தானின் இத்தகைய புறப்பாடு எளிதில் ஏற்கப்படுவதன்று. கிருஷ்ண பிள்ளை இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க மேற்கொண்ட வழி மூலத்தில் இல்லாதது. யாத்திரைக் கதைக்குள் கிறிஸ்துவின் பாடுகளை முழுமையான காப்பிய நிகழ்ச்சியாகக் குமார பருவத்தில் அமைத்தார். யாத்திரிகனின் துன்பம் தனித்துன்பமாக நிற்காமல் அத்துன்பத்தின் எதிரொலியாக வாசிக்கப்பட இவ்வமைப்பு இடம் தருகிறது.

அங்கே ஒரு காட்சி. பகைவர் இயேசுவைக் கயிற்றால் கட்டி நிறுத்தியுள்ளனர். அவர் அசையாமல் நிற்பதற்குக் காரணம் அக்கயிறு என்று எண்ண வேண்டா என்கிறார் கவிஞர். தம்மைப் பகைத்த எளிய மனிதர்களை நினைந்து உருகும் அன்பே வலிய நீண்ட சங்கிலியாகி அவரைப் பிணித்து நிறுத்தியது என்பது பாடலின் பொருள். இக்கற்பனையில்தான் கிருஷ்ண பிள்ளையின் நிலைபேற்றுக் கோட்பாடு முழுதும் அடங்கியுள்ளது எனலாம். நிற்பவன் எதிரியை வெறுப்பதனால் நிற்கவில்லை. எதிரியோடு தனக்குள்ள பிணைப்பை அறுக்க மனமில்லாமையால் நிற்கிறான். எதிர்ப்பவன் உறவினனாக இருக்கும்போது உறுதியாக நிற்பதும் அன்பாக இருப்பதும் ஒரே செயலாகின்றன. தொடர்ந்து, அக்கொடுமையைக் கண்டோர் மண் பிளக்கவில்லையே, விண் இடிந்து வீழவில்லையே, கடல் வற்றவில்லையே எனப் புலம்புகின்றனர். இப்புலம்பல் யூத நகரத்து மக்களுடையதாயினும் அதன் குரல் தமிழ் ஒப்பாரியின் குரல். கம்பனில் அயோத்தி மாந்தர் இராமன் காடேகியபோது எழுப்பிய அழுகையோடு உறவுடையது.

இங்கேதான் ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டத்தின் உட்பொருள் விளங்குகிறது. கம்பனின் விருத்தத்தையும் வைணவ அடைக்கலக் கோட்பாட்டின் சொற்களையும் அவர் கையாண்டமைக்கு அணிநலமே காரணம் என்பது பொதுக்கருத்து. அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. கரையிருப்பு வீட்டில் தந்தையிடம் கற்ற தமிழிலேயே, அவ்வீட்டார் விலக்கிய நம்பிக்கையை அவர் சொல்ல விரும்பினார். உறவினர் அவரைக் கைவிட்டபோதும் அவர் உறவினரின் மொழியைக் கைவிடவில்லை. காப்பியத்தின் இடையிடையே தேவாரப் பதிக வடிவில் அமைந்த பாடல்களையும் இந்நோக்கிலேயே காண வேண்டும். வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, வீட்டாருக்குப் புரியும் மொழியில் ஒருவன் பாடிய பாடல் அது. திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் இவரிடம் தமிழ் பயின்றோர் எல்லாச் சமயத்தவரும் ஆவர் என்பதும் இம்மனநிலைக்குப் பொருந்துவதே.

இவ்வாறு கூறுவதனால் காப்பியத்தின் குறை மறைந்துவிடாது. உருவகப் பாத்திரங்கள் பல இடங்களில் உயிர்பெறாமல் பெயராகவே நின்றுவிடுகின்றன. சமய விளக்கம் நீளும்போது கதை நின்றுவிடுகிறது. மேலும், உயர்குடிப் புலவர் ஒருவரின் இழப்பையே இக்காப்பியம் பேசுகிறது. தமிழ்ப் புலமை, தந்தையின் கம்பராமாயணம், ஆசிரியப் பணி ஆகியவை அவருக்கு எஞ்சியிருந்தன. இவை ஏதும் இல்லாதவன் யாத்திரை செய்தால் அவன் தோளில் இருந்த சுமை வேறு.

பரதேசி: ஒரு சொல்லின் இரு பொருள்

தமிழ் வேதாகமத்தில் ‘பரதேசி’ என்பது இவ்வுலகில் நிலையான ஊரில்லாமல் மேலான நாட்டை நாடிச் செல்லும் நம்பிக்கையாளனைக் குறிக்கும். பேச்சுவழக்கிலோ அது ஊரும் உணவும் அற்றவனைக் குறிக்கும் வசைச்சொல். இவ்விரு பொருள்களும் மேற்கு மலைத்தொடரின் தோட்டங்களில் ஒன்றாயின. திருவிதாங்கூரின் வடகிழக்கு மலைகளில் 1877இல் பூஞ்சாறு தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகை பெற்ற கண்ணன் தேவன் மலைப்பகுதியும், கோவை மாவட்டத்து ஆனைமலையும் தேயிலைத் தோட்டங்களாகத் தொடங்கியபோது, பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் வாடிய தென்மாவட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் கங்காணிகளின் முன்பணத்தைப் பெற்று மலையேறினர். அவர்களுள் முன்னரே கிறித்தவரானோரும் இருந்தனர். கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் தொடராக வெளிவந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே திருநெல்வேலியிலிருந்து இப்பரதேசிகள் நடந்து சென்றனர் என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் கருத வேண்டிய ஒருகாலத்துவம்.

இவ்வாழ்வைப் பதிவுசெய்த படைப்பு பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ (1969). ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, தொழிலாளர் சங்கம் அமைத்தவர் டேனியல். முதிய தொழிலாளரிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு 1920களின் தோட்ட வாழ்வை ஆங்கிலத்தில் நாவலாக்கினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என 2007இல் தமிழாக்கினார். கருப்பன், வள்ளி என்னும் இணையர் முன்பணத்தை நம்பி மலையேறி, அடைத்தாலும் தீராத கடனிலும் கொள்ளைக் காய்ச்சலிலும் சிக்குவதே கதை. தேவிகுளம், மூணாறு தோட்டச் சூழலை இளமையில் அறிந்த டி. செல்வராஜின் ‘தேநீர்’ நாவலும் இவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கது.

டேனியலின் நாவலில் சமயம் எவ்வாறு இடம்பெறுகிறது என்பது கவனத்திற்குரியது. நூலாசிரியர் கிறித்தவர், ஆயினும் மதமாற்றம் நாவலின் மையப்பொருள் அன்று. நோயுற்றவனுக்கு மருந்தும் கொத்தடிமைக்கு விடுதலையும் என்பதே அதன் அறநோக்கு. பெயர் சொல்லாத சமயவுணர்வு எனலாம். இந்நாவலைத் தழுவிய பாலாவின் ‘பரதேசி’ (2013) திரைப்படம் இதற்கு நேர்மாறாக, தோட்டத்திற்கு வரும் கிறித்தவ மருத்துவ இணையரை ஆடிப்பாடி மதம் பரப்புவோராகக் கேலியோடு சித்திரித்தது. மூலநூலாசிரியரின் வாழ்வோடு பொருந்தாத திரிபு என்று அது கண்டிக்கப்பட்டது. மதம் பரப்பியவர் எவரையும் கலை கேலி செய்யக்கூடாது என்பதில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. தொழிலாளி தானே தேர்ந்து பற்றிக்கொண்ட நம்பிக்கை என ஒன்று இருக்கக்கூடும் என்பதைத் திரைப்படம் எண்ணிப் பார்க்கவில்லை. சமயத்தை மேலிருந்து விழும் பொருளாக மட்டுமே அது கண்டது. அவ்வகையில், தொழிலாளியைப் பாவப்பட்ட ஆன்மாவாக மட்டும் கண்ட பழைய மிசன் அறிக்கைகளுக்கும் அத்திரைப்படத்திற்கும் பார்வையில் பெரிய வேறுபாடில்லை.

மூணாற்றுக் கிறித்து ஆலயம் 1910இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1894இல் காலராவால் இறந்த ஆங்கிலேயத் தோட்ட அதிகாரியின் இளம் மனைவியின் கல்லறை அக்குன்றின்மேல் அமைந்துவிட்டது. கல்லறை முன்னும் ஆலயம் பின்னுமாக உருவான இவ்விடத்தில் தோட்டத் துரைமார்களின் நினைவுப் பலகைகள் சுவரில் உள்ளன. அதே காய்ச்சலிலும் குளிரிலும் இறந்த தொழிலாளரின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் பொறிக்கப்படவில்லை. இன்று அவ்வாலயத்தில் தமிழ் வழிபாடு நடைபெறுகிறது. பலகையில் பெயர் இல்லாதோரின் பேரப்பிள்ளைகள் சாஸ்திரியார் காத்த கீர்த்தனை மரபைப் பாடுகின்றனர். அவர் எதிர்த்த சமவிருந்தில் பங்குகொள்கின்றனர். அவருடைய நான்கு முறையீடுகளுள் எது நிலைத்தது, எது தோற்றது என்பதற்கு இதனினும் தெளிவான மறுமொழி தேவையில்லை.

சட்டமும் பதிவேடும்

தோட்டத் தொழிலாளரின் நம்பிக்கைக்கு வந்த எதிர்ப்பு வாளேந்தி வரவில்லை. விண்ணப்பப் படிவத்தில் வந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை அச்சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. இதன் விளைவாகத் தலித் கிறித்தவர் ஒருவர் தம் சமயத்தை வெளிப்படையாகச் சொன்னால் கல்வி, வேலை, தனித்தொகுதி ஆகியவற்றிற்கான உரிமையை இழக்க நேர்கிறது. சொல்லாவிடின் மனச்சான்றோடு போராட நேர்கிறது. 1956 நவம்பர் 1இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றமையால் மொழிச் சிறுபான்மை என்னும் சுமையும் கூடியது.

தேவிகுளம் தனித்தொகுதியின் 2021ஆம் ஆண்டுத் தேர்தல் வழக்கு இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும். வெற்றி பெற்றவரின் சமயம், சாதித் தகுதி குறித்து எழுந்த வழக்கில் 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாததாக்கியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தேர்தல் செல்லும் என்றது. வழக்கின் சட்ட நியாயம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இலக்கிய மாணவர் கருத வேண்டியது வேறு: சபையின் பதிவேடுகள் அங்கே சாட்சியங்களாக ஆராயப்பட்டன. திருமுழுக்கையும் அடக்கத்தையும் இறைவன் முன் பதிவதாகக் கருதி எழுதப்பட்ட ஏடு, நீதிமன்றத்தில் வேறொரு மொழியில் வாசிக்கப்பட்டது. சாட்சி என்னும் சொல்லுக்குத் தமிழ்க் கிறித்தவ வழக்கில் இருந்த பொருளே இங்கு இடம் மாறிவிட்டது.

இவ்விடத்தில் பாமாவின் ‘கருக்கு’ (1992) துணைசெய்கிறது. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஏழாண்டுகள் கன்னியர் மடத்தில் வாழ்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறிய ஒரு பெண்ணின் தன்வரலாறு அது. பனங்கருக்கின் இருபுறக் கூர்மையைக் கடவுளின் சொல்லான இருபுறமும் கருக்குள்ள வாளோடு இணைத்து நூலுக்குப் பெயரிடப்பட்டது. மடத்தை விட்டவர் வேதத்தின் உருவகத்தை விடவில்லை. நிறுவனத்தை விட்டு நீங்குவதும் நம்பிக்கையைப் பற்றி நிற்பதற்கு ஒரு வழியாகலாம் என்பதைத் தமிழில் முதன்மையாக உணர்த்திய நூல் அது. கிருஷ்ண பிள்ளை வீட்டுக்கு வெளியே நின்று வீட்டு மொழியில் பாடினார். பாமா மடத்துக்கு வெளியே நின்று தம் ஊர்ப் பேச்சுமொழியில் எழுதினார். இருவரின் தமிழும் இரு துருவங்கள். ஆயினும், தம்மை ஏற்காதவரோடு உரையாடலை நிறுத்த மறுத்தனர் என்ற அளவில் இருவரும் ஒருவரே.

தொகுப்புரை

அரசின் எதிர்ப்பு நாட்டார் நாடகத்தையும் தலக்கதையையும், சபையின் எதிர்ப்பு கீர்த்தனையையும் கண்டன எழுத்தையும், உறவின் எதிர்ப்பு உருவகக் காப்பியத்தையும், பிழைப்பும் சட்டமும் தந்த நெருக்கடி நாவலையும் தன்வரலாற்றையும் வடிவங்களாகக் கொண்டன. இவற்றுள் உயிர்நீத்தல் முதல் வடிவத்திற்கு மட்டுமே உரியது. ஏனையவை உயிரோடிருந்து நிலைத்தலைப் பேசுவன. மறைசாட்சியை மட்டும் உச்சமாகக் கொள்ளும் இலக்கிய வரலாறு, நாள்தோறும் நிலைத்தவர்களைக் காணத் தவறுகிறது.

நிலைபேற்றை மதிப்பிடுவதற்கு இப்படைப்புகள் ஓர் அளவுகோலைத் தருகின்றன. ஒருவர் நம்பிக்கையோடு சேர்த்து வேறு எதனைப் பற்றி நின்றார், அதன் விலையை யார் கொடுத்தார் என்பதே அது. சாஸ்திரியார் பற்றிய தமிழிசைக்கு அவரே விலை கொடுத்தார். அவர் பற்றிய சாதிக்குப் பிறர் விலை கொடுத்தனர். கிருஷ்ண பிள்ளை பற்றிய மொழியால் எவருக்கும் இழப்பில்லை. தமிழுக்கு ஆக்கமே விளைந்தது. தோட்டத் தொழிலாளர் பற்றிய நம்பிக்கைக்கு முழு விலையையும் அவர்களே கொடுத்தனர், இன்றும் கொடுக்கின்றனர்.

எல்லைமலைத் தமிழ்ச் சபைகளின் பதிவேடுகள், கல்லறை எழுத்துகள், கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சிகள், தோட்டப் பெண்கள் பாடும் கீர்த்தனை வேறுபாடுகள் ஆகியவை இன்னும் இலக்கியச் சான்றுகளாகத் தொகுக்கப்படவில்லை. முதிய தலைமுறை மறைந்துவரும் இக்காலத்தில் அப்பணி காத்திருக்க இயலாதது. காற்றாடி மலையின் பாறைக்கு மக்கள் ஒரு கதையைக் கொடுத்தனர். தேவிகுளம் மலையின் பெயரற்ற கல்லறைகளுக்கு அவற்றின் கதையைத் திருப்பிக் கொடுப்பது தமிழாய்வின் கடமையாகும்.